டர்போவுக்கு எவ்வளவு காற்று? செட்டிபாளையம் முதல் ஊட்டி வரை

கோவைக்குத் தெற்கே செட்டிபாளையத்தில் வளைந்து நெளிந்து கிடக்கிறது கரி மோட்டார் ஸ்பீட்வே. 2003-ல் திறக்கப்பட்ட இந்தப் பந்தயத் தடத்துக்கு கரிவர்தனின் பெயரை வைத்திருக்கிறார்கள். மாருதி 800 இன்ஜினை வைத்தே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டிய கோவைக்காரர் அவர். 1995-ல் விமான விபத்தில் இறந்தார். 2005-ல் ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயனுக்கும் ஆரம்பப் பாடம் அந்த ஃபார்முலா மாருதிதான்.

சாலையில் ஓடிய மாருதி 800-ன் 796 சிசி இன்ஜின் தந்தது சுமார் 40 குதிரைத் திறன். இன்று அதே மூன்று சிலிண்டரோடு வரும் 1 லிட்டர் டர்போ இன்ஜின் 100-ஐத் தொடுகிறது. எல்லாம் காற்று செய்யும் வேலை. வெளியேறும் புகையின் வேகத்தில் சுழலும் சின்னச் சக்கரம், காற்றை அழுத்தி உள்ளே திணிக்கிறது. காற்று கூடினால் பெட்ரோலைக் கூட்டலாம், பலம் கூடும். கூடவே சூடும்!

கம்பெனி வைத்த அளவைத் தாண்டி ஏற்றிப் பார்க்க யாருக்குத்தான் ஆசையில்லை? விவரம் தெரிந்தவர்கள் காரை டைனோ உருளைகள் மேல் நிறுத்தி, 1 பிஎஸ்ஐ, இன்னொரு 1 பிஎஸ்ஐ என்று மெதுவாகத்தான் கூட்டுவார்கள். பெட்ரோல் போதுமா, புகையின் சூடு எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பார்கள். தகர டப்பாவில் கூழாங்கல்லை உருட்டியது போல 'நாக்கிங்' சத்தம் கேட்டால், உள்ளே பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கிறது என்று அர்த்தம். உடனே குறைக்க வேண்டும். விட்டால் பிஸ்டனில் ஓட்டை விழும். வாரன்டியும் கையை விட்டுப் போயிருக்கும்.

டைனோவில் ஓட்டம் சில நொடிதான். தடத்தில் சுற்றுக்குச் சுற்று சூடு சேர்ந்துகொண்டே போகும். அங்கே தாங்கினால்தான் தாங்கியதாகக் கணக்கு.

இன்னொரு சோதனை வடக்கே, மேட்டுப்பாளையம் தாண்டி. குன்னூர்ப் பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து 2,240 மீட்டர் உயர ஊட்டிக்குப் போனால், கோவையில் 14 பிஎஸ்ஐ அளவில் இருந்த காற்றழுத்தம் 11-க்கு இறங்கிவிடும். டர்போ இல்லாத வண்டிக்கு மூச்சு வாங்கும். டர்போ வண்டி சளைக்காது. ஆனால் அதே அழுத்தத்தைக் கொடுக்க அந்தச் சக்கரம் இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். சமவெளியிலேயே விளிம்பு வரை ஏற்றிவைத்த வண்டிக்கு மலையில் ஏது மிச்சம்?

ஊட்டி போய்ச் சேர்ந்ததும் சாவியைத் திருகிவிடாதீர்கள். ஒரு நிமிடம் இன்ஜின் சும்மா ஓடட்டும். டர்போவின் சூடு ஆயிலோடு கொஞ்சம் இறங்கிவிடும்.