உப்பு தின்ற பாயிண்ட்

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அது முடிந்து தை பிறந்ததும் எக்கியார்குப்பம் போனேன். கூட வந்த தம்பிக்குப் புதுச்சேரியில் கடை. செத்துப்போன ஹார்ட் டிஸ்க், மெமரி கார்டிலிருந்து தகவலை மீட்பது அவர் தொழில். வழியில் மரக்காணம் உப்பளத்தில் பாத்தி மிதித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தபடி, "எனக்குப் படியளக்கிறது இந்த உப்புதான் சார்" என்றார்.

எக்கியார்குப்பத்தில் ஒரு படகுக்காரர் வீட்டுத் திண்ணையில் ஒரு கையடக்க ஜிபிஎஸ். புயலில் மூன்று நாள் கடல்தண்ணீரில் கிடந்ததாம். கருவி போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். உள்ளேயிருந்த பாயிண்ட்தான் கவலை. மீன் அடையும் பார், வலையைக் கிழிக்கும் பாறை, முழுகிக் கிடக்கும் பழைய இரும்பு என்று பதினைந்து வருடமாகச் சேர்த்த அறுபது இடங்கள், கருவியின் மெமரி கார்டில். "காப்பி எடுத்து வைக்கலையாண்ணே?" என்று தம்பி கேட்டதற்கு அவர் சிரித்தார். "பாயிண்டைக் கொடுத்தா மீனைக் கொடுத்த மாதிரிப்பா. யார்கிட்ட கொடுக்கறது?"

நகத்தளவு கார்டு. லென்ஸ் வழியாகப் பார்க்கச் சொன்னார் தம்பி. பொன்முலாம் பூசிய கால்களில் பச்சைக் களிம்பு, நடுவே வெள்ளைப் பொடியாக உப்பு. ஆல்கஹாலில் தோய்த்த மெல்லிய தூரிகையால் ஒரே திசையில் தடவினார். முன்னும் பின்னும் தேய்த்தால் முலாம் போய்விடுமாம். அரை மணி நேரம் பேச்சே இல்லை. பிறகு லேப்டாப்பில் செருகி, டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டார். அது முதலில் சுலபமாகப் படிக்க முடிகிற பகுதிகளை அள்ளிக்கொண்டு, அடம்பிடிப்பதைக் கடைசிக்குத் தள்ளுகிறது. எதெது கிடைத்தது, எதெது கிடைக்கவில்லை என்று ஒரு கோப்பில் குறித்தும் வைக்கிறது. மூலத்தில் ஒரு எழுத்துகூட எழுதுவதில்லை. ஒரே கோப்புக்கு இரண்டு பழுதான பிரதிகள் இருந்தால், முதலாவதில் விட்ட ஓட்டையை இரண்டாவதை வைத்து அடைக்கவும் அதற்குத் தெரியும். இரண்டும் ஒரே இடத்தில் கெட்டிருப்பது அபூர்வம்.

எனக்கு உ.வே.சாமிநாதையர் நினைவு வந்தது. 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்தபோது அவர் செய்ததும் இதே வேலைதான். குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் மற்ற ஏடுகளில் உதிர்ந்திருந்த பூக்கள் தருமபுரம் மடத்து ஏட்டில் கிடைத்ததை அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பத்தில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்பார்கள்.

கார்டு முப்பத்தெட்டு இடங்களைக் கொடுத்தது. மற்றவை பாதியில் அறுந்த எண்கள். அப்போதுதான் படகுக்காரரின் மனைவி உள்ளேயிருந்து ஒரு நோட்டைக் கொண்டுவந்தார். "பேட்டரி தீந்துட்டா என்ன பண்றதுன்னு ஒரு வருசம் எழுதி வெச்சிக்கினு இருந்தாரே." நோட்டும் நனைந்து காய்ந்தது. பேனா மை பரவிய பக்கங்களில் முன்னால் இருந்த எண்கள் இல்லை. கார்டில் எண் தசமமாக இருந்தது, நோட்டில் பாகையும் நிமிடமும். தம்பி அறுபதால் பெருக்கிப் பெருக்கி இரண்டையும் அருகருகே வைத்தார். அட்சரேகையில் ஒரு நிமிடம் ஏறக்குறைய 1,850 மீட்டர். புள்ளிக்கு அடுத்த எண் அழிந்தால் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல்கூடத் தவறலாம். கடலில் அது வேறு ஊர். கார்டில் தலை, நோட்டில் வால் என்று பதினான்கு இடங்கள் ஒட்டிக்கொண்டன. அந்த எண்களை இங்கே எழுதவில்லை. எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

மிச்சம் எட்டு. மச்சானோடு ஒன்றாகத் தொழில் செய்த காலத்தில் கொடுத்த ஐந்து மச்சானின் கருவியில் இருக்கும். இருவருக்கும் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. மனைவிதான் தன் அண்ணனுக்குப் போன் போட்டார். அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார், ஒரு வார்த்தையும் எழுதாமல்.

மூன்று இடங்களுக்கு எதுவும் இல்லை. ஓரத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர், படகுக்காரரின் அப்பா, அதில் ஒன்றைத் தனக்குத் தெரியும் என்றார். கோயில் உச்சியும் ஒரு ஒற்றைப் பனையும் நேர்கோட்டில் வரும்போது நிற்கவேண்டும். "அந்தப் பனை இப்ப எங்கப்பா?" என்றார் மகன். 2011 தானே புயலில் சாய்ந்துவிட்டது. பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அடிக்கட்டை இருக்குதுடா. போய்ப் பாத்துக்கலாம்."

ஐம்பத்தேழு இடங்களையும் புதுக் கார்டில் ஏற்றி, ஒரு பென்டிரைவிலும் போட்டுக் கொடுத்தார் தம்பி. அதை வாங்கி அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு வந்த படகுக்காரர், லேப்டாப்பைக் காட்டிச் சொன்னார்:

"உன் பொட்டில இருக்கறத அழிச்சிடு தம்பி."

தம்பி எங்கள் கண்முன்னே அழித்தார். அந்த இடத்தின் மேல் சுழியமாக எழுதி, மறுபடியும் எழுதினார்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சுண்ணே."

"திருப்பி எடுக்க முடியாதே?"

அழிந்ததை எடுத்துக் கொடுத்தே பிழைக்கிறவரிடம் இந்தக் கேள்வி. அவர் என்னைப் பார்த்தார். பிறகு, "நானே வந்தாலும் முடியாதுண்ணே" என்றார்.