பாம்புக்குப் பசிக்கலையாம்!

ஊரிலிருந்து சென்னைக்கு வரும் உறவினர்களுக்கென்றே ஒரு ரூட் இருக்கிறது. மெரினா, வண்டலூர், கிண்டி சிறுவர் பூங்கா, அதை ஒட்டியே பாம்புப் பண்ணை. இந்தக் கடைசி இடத்தில் எந்தக் கண்ணாடிக் கூண்டின் முன்னால் நின்றாலும் காதில் விழுவது ஒரே கேள்விதான்: “அசையவே மாட்டேங்குதே... உயிரோட இருக்கா, பொம்மையா?”

உயிரோடுதான் இருக்கிறது. சும்மா இருக்கிறது, அவ்வளவுதான். சும்மா இருப்பதில் நம் ஆபீஸ் சீனியர்களையே தூக்கிச் சாப்பிட்டுவிடும் ஜீவன் அது.

அடுத்த கேள்வியும் நிச்சயம் வரும்: “இதுக்கு என்ன சாப்பாடு போடுவாங்க?”

அந்த இரண்டாவது கேள்வியோடுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கிண்டிக்குப் போனேன். கூட வந்தவர் திருவல்லிக்கேணி மேன்ஷன்வாசி ஒருவர். பெயர் வேண்டாம், சட்டப்பிரச்னை. மனிதர் யாரோ சொன்னதைக் கேட்டு, 30,000 ரூபாய் கொடுத்து ஒரு மண்ணுளிப் பாம்பை வாங்கி, ரூமில் மீன் தொட்டிக்குள் போட்டு வைத்திருந்தார்.

“ரெண்டு தலை. வீட்டுல இருந்தா பணம் கொட்டும். வித்தா லட்சக்கணக்குல போகும்!”

பணம் கொட்டவில்லை. பாம்பு சாப்பிடவும் இல்லை. ஐந்து வாரம் ஆகிவிட்டது. பால் வைத்தார். முட்டை வைத்தார். மெஸ்ஸிலிருந்து சிக்கன் வாங்கி, மசாலாவைக் கழுவி வைத்தார். எதையும் அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் மேன்ஷனில் இலவசமாகக் கிடைக்கும் ஒரே பொருளான எலியைப் பொறி வைத்துப் பிடித்துத் தொட்டிக்குள் விட்டுவிட்டுத் தூங்கப் போனார். காலையில் பார்த்தால் எலி ஜம்மென்று இருக்கிறது. பாம்பின் முதுகில் இரண்டு இடத்தில் கடி!

சிரிக்காதீர்கள். சாப்பிட மனசில்லாத பாம்போடு உயிருள்ள எலியை ராத்திரி முழுக்க அடைத்து வைத்தால், பசிக்கிற எலி பாம்பைக் கடித்துக் குதறிவிடும். பாம்பு வளர்க்கிற வெளிநாட்டுக்காரர்களுக்கெல்லாம் இது பாலபாடம்.

சர்தார் பட்டேல் சாலையின் பஸ் இரைச்சலுக்கு நடுவில், கிண்டி தேசியப் பூங்காவின் மர நிழலை ஒட்டி இருக்கிறது பண்ணை. அமெரிக்காவில் பிறந்து, சின்ன வயசிலேயே இந்தியாவுக்கு வந்துவிட்ட ராமுலஸ் விட்டேகர் ஆரம்பித்தது. கிண்டிக்கு வந்தது 1972ல். இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அதே வருஷம்தான். அந்தச் சட்டப்படி நம் காட்டுப் பாம்பை வீட்டில் வைத்திருந்தால் ஜெயில்கூடக் கிடைக்கலாம் என்று நான் சொன்னபோது, நண்பர் கையிலிருந்த சுண்டல் பொட்டலம் லேசாக நடுங்கியது.

அவரது லட்ச ரூபாய்க் கதையும் அங்கேயே கலைந்தது. மண்ணுளிக்குத் தலை ஒன்றுதான். வாலும் தலையைப் போலவே மழுங்கலாக இருக்கும். ஆபத்து என்றால் நிஜத் தலையைச் சுருளுக்குள் ஒளித்துக்கொண்டு வாலை நீட்டும். ‘கடிக்கிறதா இருந்தா இதைக் கடிச்சுக்கோ’ என்கிற தந்திரம். சில பேர் அந்த வாலில் கீறிச் சூடு போட்டு, கண், வாய் மாதிரித் தழும்பு உண்டாக்கி ‘இரண்டாவது தலை’ என்று விற்பதும் உண்டு.

“அதெல்லாம் இருக்கட்டும்ப்பா. ஏன் சாப்பிட மாட்டேங்குது? கோவமா?”

பாம்புக்குக் கோபதாபமெல்லாம் கிடையாது. கணக்குதான் உண்டு. நான் படித்தது பி.காம். என்பதால் இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நம் சம்பளத்தில் பெரும்பகுதி வீட்டு வாடகைக்குப் போகிற மாதிரி, நாம் சாப்பிடுவதில் பெரும்பகுதி உடம்பைச் சூடாக வைத்திருக்கவே போய்விடுகிறது. பாம்புக்கு அந்தச் செலவே இல்லை. சூட்டை வெயிலிலிருந்து ஓசியில் வாங்கிக்கொள்கிறது. இரை வந்தால்தான் ஃபாக்டரி ஓடும். பெரிய இரையை விழுங்கிய பர்மிய மலைப்பாம்பின் இதயம் இரண்டே நாளில் 40 சதவீதம் பெரிசாகிறது என்று 2005ல் கண்டுபிடித்தார்கள். ஜீரணம் முடிந்ததும் பழைய சைஸ்; ஷட்டர் டவுன்.

2007ல் அமெரிக்காவில் அர்கன்சா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ஷல் மெக்யூ 62 பாம்புகளை ஏறக்குறைய ஆறு மாசம் பட்டினி போட்டுப் பார்த்தார். சில பாம்புகள் உடம்பின் செலவை 72 சதவீதம் வரை குறைத்துக்கொண்டன. பட்டினியிலேயே நீளமாக வளரவும் செய்தன! அந்த ஆராய்ச்சிக் கட்டுரையின் தலைப்பிலேயே சப்ளை, டிமாண்ட் இரண்டும் வருகின்றன. எந்த நிதியமைச்சருக்கும் வராத சிக்கனம்.

ஆகவே, பாம்பு சாப்பிடாவிட்டால் முதலில் கேட்க வேண்டியது ‘என்ன கொடுக்கலாம்’ என்பதல்ல. ‘ஏன் வேண்டாம் என்கிறது’ என்பதுதான். சட்டை உரிக்கப்போகிற பாம்புக்குக் கண்ணில் பால் படர்ந்த மாதிரி நீலம் பூத்திருக்கும். பார்வை மங்கல், சாப்பாடு வேண்டாம். குளிர்ந்த இடத்தில் இருந்தால் வேண்டாம். சூடு இல்லாமல் விழுங்கினால் இரை வயிற்றிலேயே அழுகிவிடும், அது அதற்குத் தெரியும். சினையாக இருந்தால் வேண்டாம். வாய்ப்புண் இருந்தால் வேண்டாம். எல்லாவற்றையும்விட, பயமாக இருந்தால் வேண்டவே வேண்டாம்.

நண்பரின் மண்ணுளி வறண்ட மணலுக்குள் புதைந்து வாழ்கிற ஜாதி. அதைப் பிடித்து, புதைந்துகொள்ள ஒரு பிடி மண்கூட இல்லாத கண்ணாடித் தொட்டியில், ராத்திரி ரெண்டு மணி வரை டியூப் லைட் வெளிச்சத்தில் வைத்து, மேன்ஷன்வாசிகள் அத்தனை பேரும் தூக்கிப் பார்த்து செல்ஃபி எடுத்தால்... உங்களுக்கு இறங்குமா சோறு?

பால் விஷயமும் இதேதான். பாம்பு பால் குடிக்கிற பிராணி இல்லை. அதன் வயிற்றுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. பாம்பாட்டி கூடையில் இருக்கிற நல்ல பாம்பு பால் குடிக்கிறதே என்றால், பல நாள் தண்ணீர் காட்டாமல் வைத்திருப்பதால் தாகத்தில் குடிக்கிறது. நாம் பக்தியோடு கும்பிடுகிறோம். அது தொண்டை வறண்டு தவிக்கிறது.

“அப்ப வாயைத் திறந்து ஊட்டி விட்டா?”

அதுதான் ரொம்ப ஆபத்து. பல் உடையலாம், மூச்சுக்குழாயில் போகலாம், விழுங்கியதைக் கக்கி இன்னும் பலவீனமாகலாம். முதுகெலும்பு துருத்த ஆரம்பித்தால் மிருக டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். மற்றபடி மறைவிடம், கதகதப்பு, தண்ணீர், தனிமை. இந்த நாலைக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதுதான் வைத்தியம். நமக்கோ கையைக் கட்டிக்கொண்டு இருக்க மட்டும் தெரியாது.

“பாம்பைக் கரைச்சுக் குடிச்சவங்க யாராவது எப்படி வெச்சுக்கறாங்கன்னு பார்த்தா ஒரு ஐடியா கிடைக்கும்” என்றார் நண்பர், இன்னும் ஆசை விடாமல். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறினோம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் போனால் வடநெம்மேலி முதலைப் பண்ணை. அதன் வளாகத்துக்குள்தான் 1978ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் எடுத்து, விஷமுறிவு மருந்து தயாரிக்கக் கொடுக்கிறார்கள். இந்தச் சமூகத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2017ல் இவர்களை அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கே அழைத்துப் போனார்கள். ஆசையாக வளர்த்தவர்கள் அலுத்துப்போய்க் காட்டில் விட்டதும் தப்பித்ததுமாகப் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க! இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகள்.

இவர்கள் பாம்பை வைத்திருப்பது மண்பானையில். உள்ளே மணல், வாயில் துணி கட்டு. இருட்டு, குளிர்ச்சி, நிம்மதி. வாரம் ஒருமுறை விஷம் எடுப்பார்கள். மூன்று, நாலு வாரம் ஆனதும் வயிற்றுச் செதிலில் ஒரு சின்ன அடையாளம் வைத்து, காட்டில் விட்டுவிடுவார்கள்.

நண்பர் பானைகளையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“பரம்பரையா பாம்போடவே வாழறவங்க... அவங்களே ஒரு மாசத்துக்கு மேல வெச்சுக்கறதில்லையா?”

“இல்லை.”

“நான் அஞ்சு வாரம் வெச்சிருக்கேனேப்பா...”

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் பேசவே இல்லை. மறுநாள் காலை வனத்துறைக்கு அவரே போன் செய்தார். வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளில் மனிதருக்குச் சட்டை நனைந்துவிட்டது. பாம்பின் கடிக்காயத்துக்கு மருந்து போட வேண்டும், தேறினால் காட்டில் விடுவோம் என்று சொன்னார்களாம். தேறியிருக்கும் என்றுதான் நானும் நம்புகிறேன்.

இப்போது அந்தத் தொட்டியில் இரண்டு தங்கமீன். போடுவதையெல்லாம் சாப்பிடுகின்றன, போடாததற்கும் வாயைத் திறக்கின்றன.

போன வாரம் கேட்டார்: “அந்த 30,000த்தை எந்தக் கணக்குலப்பா எழுதறது?”

“வராக்கடன்” என்றேன்.