இரண்டு சிறு கோடுகள்

சரித்திரப் புத்தகங்களின் கடைசியில் வம்சாவளிப் பட்டியல் என்று ஒரு பக்கம் இருக்கும். அநேகம் பேர் அந்தப் பக்கம் வந்ததும் புத்தகம் முடிந்துவிட்டதென்று மூடி வைத்துவிடுவார்கள். எனக்கோ அங்கேதான் புத்தகம் ஆரம்பமாகிறது. கதை எழுதிப் பிழைக்கிறவனுடைய சபலம் அது. அந்தப் பக்கத்தில் வர்ணனை கிடையாது, சம்பாஷணை கிடையாது. ஒரு பெயர், பிறந்த வருஷம், இறந்த வருஷம், அவ்வளவுதான். ஆனால் இரண்டு வருஷங்களையும் கழித்துப் பார்த்து, விடை 15 என்றோ 25 என்றோ வரும்போது மனம் சற்று நின்றுவிடுகிறது. அந்தச் சிறிய எண்ணுக்குள் ஒருவருடைய ஆயுள் முழுவதும் அடங்கிப் போயிருக்கிறதே!

கணவன் பெயருக்கும் மனைவி பெயருக்கும் நடுவில் இரண்டு சிறு கோடுகள் போட்டிருப்பார்கள். பள்ளிக்கூடத்துக் கணக்கில் 'சமம்' என்பதற்குப் போடுவோமே, அதே குறி. கல்யாணத்துக்கு இந்தக் குறியைப் போடலாம் என்று முதன்முதலில் யாருக்குத் தோன்றியதோ, தெரியவில்லை. அவர் பரிகாசமாகச் செய்தாரா, பக்தியோடு செய்தாரா என்று நான் பல தடவை யோசித்ததுண்டு.

நான் பார்த்த பட்டியல்களில் என் மனத்தை விட்டு அகலாதது, பிரான்சு தேசத்துப் பர்கண்டி டியூக்குகளின் பட்டியல். டியூக் என்றால் அரசனுக்கு அடுத்த படியில் நிற்கும் பெரும் பிரபு. பட்டியல் மிகவும் சிறியது. தகப்பன், மகன், பேரன், கொள்ளுப் பேரன் என்று நாலே ஆண்கள், தூக்கு நூல் பிடித்தாற்போல் ஒருவருக்குக் கீழே ஒருவராக நிற்பார்கள். 1363 முதல் 1477 வரையில் 114 வருஷம் ஆண்டார்கள். நாலு பேருக்கும் பட்டப் பெயர் உண்டு. முதல்வன் தீரன் பிலிப். அவன் மகன் அஞ்சா நெஞ்சன் ஜான். பேரன் நல்லவன் பிலிப். கொள்ளுப் பேரன் முரட்டுத் துணிச்சல்காரன் சார்லஸ். அவனுக்குக் கீழே ஒரே ஒரு பெண், மேரி. அவளுக்கும் ஒரு பட்டப் பெயர் கொடுத்திருக்கிறார்கள்: பணக்காரி. ஆண்களுக்கெல்லாம் குணத்தை வைத்துப் பெயர். பெண்ணுக்கு மட்டும் சொத்தை வைத்துப் பெயர்!

இந்த நேர்க்கோட்டைப் பார்க்கிற எவருக்கும், சொத்து ஆண் கையிலிருந்து ஆண் கைக்கு அமரிக்கையாக இறங்கி வந்தது போலத் தோன்றும். உண்மையில் அது எந்த வழியாக வந்தது என்று தெரிய வேண்டுமானால் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். அந்த இரண்டு சிறு கோடுகளுக்கு அப்பால் பொடி எழுத்தில் இருக்கிற பெயர்களைப் படிக்க வேண்டும்.

இந்த நாலு பேருக்கு முன்னால் வேறொரு வம்சம் பர்கண்டியை முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆண்டது. அதன் கடைசி டியூக் ஒரு சிறுவன். அவன் பெயரும் பிலிப்தான். அவன் பிறந்த 1346-ம் வருஷத்திலேயே தகப்பனார் ஒரு கோட்டை முற்றுகையின்போது குதிரையிலிருந்து விழுந்து இறந்து போனார். மூன்று வருஷத்தில் பாட்டனாரும் போனார். அடுத்த வருஷம் தாயார் மறுமணம் செய்துகொண்டாள். மணந்தது பிரான்சு தேசத்து அரசர் ஜானை. 1357-ல் பையனுக்கும் கல்யாணம் நடந்தது. மணப்பெண் பிளாண்டர்ஸ் நாட்டுப் பிரபுவின் ஒரே மகள் மார்கரெட், வயது 7. நாலு வருஷம் கழித்து, 1361-ல், பையன் இறந்தான். அவனுக்கு வயது 15. விதவைக்கு 11.

சொத்து யாருக்கு? நெருங்கிய பங்காளிகள் இல்லை. பையனுடைய பாட்டனாருக்குச் சகோதரிகள் இருந்தார்கள். அவர்களில் மூத்தவளுடைய மகள் வயிற்றுப் பேரன், நவார் நாட்டு அரசன் சார்லஸ். இளையவளுடைய மகன், பையனுக்குச் சிற்றப்பனாகவும் வாய்த்த பிரான்சு அரசர் ஜான். மூத்தவள் வழி எனக்கே பாத்தியம் என்றான் நவார் அரசன். அவள் மூத்தவளாகவே இருக்கட்டும், நீ ஒரு தலைமுறை தள்ளி நிற்கிறாய், நானல்லவா நெருங்கின உறவு என்றார் ஜான். சரித்திரம் நவார் அரசனுக்குக் 'கெட்டவன்' என்று பட்டம் கட்டியிருக்கிறது. ஆனாலும் இந்த வழக்கில் அவன் கட்சியிலும் ஏதோ நியாயம் இருந்தது. என்ன பயன்? பிரான்சு அரசரிடம் படை இருந்தது. அந்த வருஷம் முடிவதற்குள்ளாகவே அவர் பர்கண்டியை எடுத்துக்கொண்டார்.

வாசகர்கள் இங்கே ஒரு விஷயத்தை மனத்தில் முடிந்து வைத்துக்கொள்ள வேண்டும். அரசர் கேட்டது தம் தாயாரின் உரிமை. பர்கண்டி அவர் கைக்கு வந்தது ஒரு பெண் வழியாக.

ஜானுக்குப் பிரியமான கடைசி மகன் பிலிப். 1356-ம் வருஷம் பாய்ட்டியர்ஸ் போர்க்களத்தில் ஆங்கிலேயர்கள் சூழ்ந்துகொண்டபோது, 14 வயதுப் பையனாக இருந்தும் தகப்பனார் பக்கத்தை விட்டு நகராமல் நின்றவன். 'தீரன்' என்ற பெயர் அதனால் வந்தது. 1363-ல் ஜான் பர்கண்டியை அவனுக்குக் கொடுத்தார். பட்டியலில் முதல் பெயர் இப்படி ஏறியது.

தீரனுக்குத் தகுந்த பெண் வேண்டுமே? செத்துப் போன பையனுடைய சின்ன விதவை மார்கரெட் இருக்கிறாள். தகப்பனார் காலத்துக்குப் பிறகு பிளாண்டர்ஸ் அவளுக்கு. பாட்டி வழியில் ஆர்ட்டுவா நாடும் அவளுக்கு. இவ்வளவு சொத்துள்ள பெண்ணுக்கு ஒரு வரன்தானா வரும்? இங்கிலாந்து அரசர் 3-ம் எட்வர்டு தம் மகனுக்குக் கேட்டு, சம்பந்தம் பேசியும் முடித்துவிட்டார். அந்தக் காலத்துக் கிறிஸ்தவ தர்மப்படி, குறிப்பிட்ட தூரத்துக்குள் உறவானவர்கள் போப்பாண்டவரின் விசேஷ அனுமதியின்றி மணக்கக் கூடாது. பெண்ணுக்கும் ஆங்கில மாப்பிள்ளைக்கும் உறவு இருக்கிறது என்று சொல்லி, போப்பாண்டவர் 5-ம் அர்பன் அனுமதி மறுத்தார். சில வருஷம் கழித்துத் தீரன் பிலிப்புக்காகக் கேட்டபோது அனுமதி கொடுத்தார். பிலிப்பும் அவளுக்கு ஏறக்குறைய அதே தூரத்து உறவுதான்! வம்சாவளி ஒன்றுதான், படிக்கிறவர் கண் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அந்தப் பக்கம் அதுவும் சாய்கிறது.

1369-ல் கென்ட் நகரத்தில் கல்யாணம் நடந்தது. ஆகவே மார்கரெட்டின் பெயர் இரண்டு பட்டியல்களிலும் வருகிறது. பழைய வம்சத்தின் கடைசி டியூக்குக்கும் அவள்தான் மனைவி. புதிய வம்சத்தின் முதல் டியூக்குக்கும் அவள்தான் மனைவி. ஆண்களின் நேர்க்கோடு நடுவே அறுந்து விழுந்தது. இரண்டு துண்டுக்கும் முடிச்சாக நின்றவள் அவள். 1384-ல் தகப்பனார் இறந்ததும் அவள் கொண்டுவந்த நாடுகளினால்தான், பர்கண்டி டியூக்குகள் ஐரோப்பாவின் பெரிய தனவந்தர்களானார்கள்.

அடுத்த தலைமுறைக் கதையைத் தமிழில் சொல்லுவது சுலபம். 1385-ல் காம்ப்ரே என்ற ஊரில் ஒரே நாளில் இரட்டைக் கல்யாணம் நடந்தது. தீரனின் மகன் ஜானுக்குப் பவேரிய வம்சத்துப் பெண். ஜானின் தங்கைக்கு அந்தப் பெண்ணின் சகோதரன். பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். தங்கைக்கு ஜாக்குலின் என்று ஒரு மகள் பிறந்தாள். ஹாலந்து முதலிய நாடுகளுக்கு அவள் வாரிசானாள். ஜானின் மகன்தான் 'நல்லவன்' பிலிப். ஜாக்குலின் அவனுக்கு அத்தை மகளும் ஆவாள், மாமன் மகளும் ஆவாள். அவன் அவளோடு வருஷக்கணக்காக யுத்தம் செய்து, 1433-ல் அவள் நாடுகள் எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொண்டான். மூன்றே வருஷத்தில் அவள் குழந்தையில்லாமல் கண்ணை மூடினாள். இரட்டை முறையுள்ள பெண்ணிடம் இப்படி நடந்துகொண்டவனுக்கு 'நல்லவன்' என்று பெயர் வைத்தது யாரென்று அவளைக் கேட்டுப் பார்க்க வழியில்லை.

நல்லவன் மூன்று கல்யாணம் செய்துகொண்டான். முதல் இரண்டு மனைவியரும் சந்தானமின்றி இறந்தார்கள். மூன்றாவதாகப் போர்ச்சுகல் அரசகுமாரியைக் கேட்டு அனுப்பியபோது, அவளைப் படம் எழுதிக்கொண்டு வருவதற்காகத் தூதுவர்களோடு யான் வான் ஐக் என்ற மகா சித்திரக்காரனை அனுப்பினான். அவளுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். இரண்டு, குழந்தையாகவே போய்விட்டன. மிஞ்சியவன் சார்லஸ். முறைப்படி மணக்காத பெண்களிடத்தில் நல்லவனுக்குப் பத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் உண்டு. அவர்களில் அந்துவான் என்பவன் பெயர் பெற்ற வீரன். பட்டியலின் நேர்க்கோட்டில் அவனுக்கு இடமில்லை. சார்லஸும் மூன்று மனைவியரை மணந்தான். பிறந்தது ஒரே பெண். 1457-ம் வருஷம் பிறந்த மேரிக்கு ஞானஸ்நானம் நடந்தபோது, ஞானத் தகப்பனாக நின்றவன் பிரான்சு தேசத்துப் பட்டத்து இளவரசன் லூயி. தன் தகப்பனாரோடு சண்டையிட்டுக்கொண்டு ஓடிவந்து, பர்கண்டியாரின் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான் அப்போது.

1477-ம் வருஷம் ஜனவரி மாதம் 5-ந் தேதி, கடுங்குளிரில், நான்சி என்ற ஊருக்கு வெளியே சார்லஸ் யுத்தத்தில் மாண்டான். இரண்டு நாள் கழித்து உறைந்த சேற்றில் சடலத்தைக் கண்டெடுத்தார்கள். முகத்தை ஓநாய்கள் கடித்திருந்தன. பழைய தழும்புகளையும் நீண்ட நகங்களையும் பார்த்துத்தான் அவன் என்று அடையாளம் சொன்னார்கள். மேரிக்கு அப்போது 19 வயது. கென்ட் நகரத்தில் இருந்தாள். நகரத்தார் திரண்டு வந்து, தகப்பனார் பறித்த உரிமைகளையெல்லாம் திருப்பிக் கொடு என்றார்கள்; கொடுத்தாள். தகப்பனாருடைய மந்திரிகள் இருவரைப் பிடித்துத் தலையை வெட்டத் துணிந்தார்கள். துக்க உடையோடு சந்தைத் திடலுக்கு வந்து மன்றாடினாள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கேட்பார் இல்லை, இருவர் தலையும் உருண்டன.

ஞானத் தகப்பன் லூயி இப்பொழுது பிரான்சு தேசத்து அரசன். அவன் என்ன செய்தான் தெரியுமோ? படையை அனுப்பிப் பர்கண்டியைப் பிடித்துக்கொண்டான். காரணமும் சொன்னான்: பர்கண்டி அரச குடும்பத்து ஆண் பிள்ளைக்குக் கொடுத்த நாடு, ஆண் வாரிசு இல்லாவிட்டால் அரசனுக்கே திரும்ப வேண்டும், பெண்ணுக்குச் சேராது. முடிந்து வைத்ததை இப்பொழுது அவிழ்த்துப் பாருங்கள். அவனுடைய முன்னோர் ஜான், 116 வருஷத்துக்கு முன்னால் இதே நாட்டைத் தாயார் பெயரைச் சொல்லித்தானே வாங்கினார்? தாயின் பேரால் வரலாம், மகளின் பேரால் போகக் கூடாது! வேண்டுமானால் என் பிள்ளையைக் கல்யாணம் செய்துகொள் என்றும் லூயி சொல்லிப் பார்த்தான். பிள்ளைக்கு வயது 6.

மேரி வேறு மாப்பிள்ளையைத் தேர்ந்தெடுத்தாள். ஆஸ்திரிய இளவரசன் மாக்ஸிமிலியனை அந்த ஆகஸ்டு மாதமே மணந்துகொண்டாள். பர்கண்டி போய்விட்டது, ஆனால் பிளாண்டர்ஸ், ஹாலந்து முதலான செழித்த நாடுகளை இருவருமாகக் காப்பாற்றினார்கள். ஒரு மகன் பிறந்தான். ஒரு மகள் பிறந்தாள். 1482-ல் ராஜாளியோடு வேட்டைக்குப் போனபோது குதிரை இடறி மேரி கீழே விழுந்தாள். சில நாளில் இறந்துபோனாள். கழித்துப் பார்த்தால் விடை 25.

மகள் பெயரும் மார்கரெட்தான். மூன்று வயதில் லூயியின் மகனுக்கு நிச்சயம் செய்து பிரான்சுக்கு அனுப்பினார்கள். அங்கே பத்து வருஷம் வருங்கால அரசியாக வளர்ந்தாள். மாப்பிள்ளையோ, பிரிட்டனி என்ற நாட்டின் மீது ஆசை வைத்து, அதன் வாரிசான பெண்ணை மணந்துகொண்டு, இவளை 1493-ல் திருப்பி அனுப்பிவிட்டான். பிற்பாடு இரண்டு தரம் மணந்து இரண்டு தரமும் விதவையான இந்தப் பெண்தான், நெதர்லாந்தை வெகுகாலம் சாமர்த்தியமாக ஆண்டாள். அவளுடைய அண்ணன் மகன் 5-ம் சார்லஸ் சக்கரவர்த்தி, பாட்டியின் பர்கண்டி வேண்டும் என்று பிரான்சோடு போராடிக்கொண்டிருந்தான். 1529-ல் அந்த வழக்கைத் தீர்க்க உட்கார்ந்தவர்கள் இரண்டு பெண்கள். ஒருத்தி மார்கரெட். மற்றவள் பிரான்சு அரசனின் தாயார் லூயிஸ். மார்கரெட்டின் இரண்டாவது கணவனுடைய சகோதரி, அதாவது நாத்தனார். ஊர் அதே காம்ப்ரே. பர்கண்டியின் பேரில் உள்ள கோரிக்கையைச் சக்கரவர்த்தி விட்டுக்கொடுப்பதென்று முடிவாயிற்று. 'பெண்மணிகளின் சமாதானம்' என்றே அதற்குப் பெயர். வீரர்களும் வக்கீல்களும் அரை நூற்றாண்டு இழுத்ததை, இரண்டு விதவைகள் பேசித் தீர்த்தார்கள்.

பெல்ஜியம் நாட்டில் புரூஜ் நகரத்து மாதா கோவிலில் மேரியின் சமாதி இருக்கிறது. கறுப்புக் கல்லின் மேல் பொன் முலாம் பூசிய வெண்கலத்தில் அவள் கைகூப்பிப் படுத்திருக்கிறாள். சமாதியின் பக்கங்களில் ஒரு மரம் கிளை விட்டுப் படர்கிறது. கிளைகளில் இலைக்குப் பதிலாக மூதாதையரின் குலச் சின்னங்கள். கல்லறையையே வம்சாவளிப் பட்டியலாகச் செய்து வைத்திருக்கிறார்கள். மரம் முழுவதும் வந்து முடிவது அந்த ஒரு பெண்ணிடத்தில்.

1979-ல் அந்த இடத்தைத் தோண்டிப் பார்த்தார்கள். அவளுடைய எலும்புகள் கிடைத்தன. பக்கத்தில் ஓர் ஈயப் பேழை இருந்தது. அதில் இருந்தது அவள் மகனுடைய இருதயம். தாயார் இறந்தபோது அவனுக்கு வயது 3. 1506-ல், 28 வயதில், ஸ்பெயின் தேசத்தில் இறந்தான்; உடலை அங்கேயே அடக்கம் செய்து, இருதயத்தை மட்டும் இத்தனை தூரம் கொண்டுவந்து தாயாரின் அருகில் வைத்திருக்கிறார்கள்.

பட்டியலில் மேரியின் பெயரையும் அவன் பெயரையும் ஒரு சின்னக் கோடு இணைக்கிறது. அடுத்த தடவை ஏதேனும் ஒரு சரித்திரப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்க்க நேர்ந்தால், அப்படிப்பட்ட ஒரு கோட்டின் மேல் ஒரு நிமிஷம் விரலை வைத்திருந்துவிட்டுப் பிறகு புத்தகத்தை மூடுங்கள்.