கேட்கக் கேட்கக் குறைந்த எடை

போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரிக்கு நான் எழுதிக்கொடுத்த பில்லிங் மென்பொருளில், மூடையின் எடையைக் கேட்கக் கேட்க அது குறைந்துகொண்டே வந்தது. பிழை முழுக்க என்னுடையது. அதைவிட மோசமான காரியம் ஒன்றையும் செய்தேன்.

ஜாவாவில் எழுதியது. மூடைக்கு ஒரு கிளாஸ். அதற்குள் மொத்த எடை, சாக்கு எடை, காயின் தரம், லாட் எண். எல்லாவற்றையும் பிரைவேட் என்று போட்டுவிட்டு, எடிட்டரில் ஒரு பட்டனைத் தட்டி ஒவ்வொன்றையும் கேட்டுப் பெற ஒரு கெட்டரும் மாற்றி எழுத ஒரு செட்டரும் வரவழைத்துக்கொண்டேன். கூட வேலை பார்த்த பெண் கேட்டார்: "எடை ஒரு தடவை போட்டா போட்டதுதானே சார், அதுக்கு எதுக்கு செட்டர்?" நியாயமான கேள்வி. கதவைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டிருந்தேன். ஒத்துக்கொள்ளாமல், 1997-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட ஜாவாபீன்ஸ் விதிகளைப் பற்றி அவருக்கு வகுப்பெடுத்தேன். அந்த கெட், செட் பெயர் முறை, வடிவமைப்புக் கருவிகள் பெயரைப் பார்த்தே பண்புகளை அடையாளம் காண்பதற்காக வந்தது. மூடைக்கு அதற்கான தேவையே இல்லை. பெயருக்கு முன்னால் 'கெட்' இருந்தே ஆகவேண்டும் என்று ஒரு மதியம் முழுக்கச் சண்டை போட்டவன், அந்த கெட்டருக்குள் என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளே இருந்தது இதுதான்: நிகர எடையைக் கேட்டால், எடையிலிருந்து சாக்கு எடையைக் கழித்து, விடையை அந்த எடையிலேயே திரும்ப எழுதிவிட்டு, பிறகு சொல்லும். திரையில் காட்டும்போது ஒரு முறை கழியும், அது சரி. பில் அச்சடிக்கும்போது இன்னொரு முறை கழியும். நான் சோதித்ததெல்லாம் திரையில்தான். கேள்வி கேட்பது பொருளை மாற்றக் கூடாது என்று பெர்ட்ரண்ட் மேயர் 1988-இலேயே புத்தகத்தில் விளக்கிவிட்டார். அதை நான் படித்தும் இருந்தேன்.

கிலோ ₹7,000 வரை ஏலம் போன 2019 சீசன் அது. போடிமெட்டுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் கணக்குப்பிள்ளை, ஸ்டோரில் காய் உலர்ந்ததும் எடை போட்டு நோட்டில் எழுதிவைத்து, மலைப்பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கிக் கடைக்கு மூடைகளைக் கொண்டுவந்தார். பில்லில் எடை குறைந்திருந்தது. திரும்ப எடை போடலாம் என்றால், அதற்குள் காயைக் கொட்டிச் சலிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

வியாபாரி என்னைக் கூப்பிட்டார். புரோகிராமைத் திறந்துகூடப் பார்க்காமல், "மேல குளிர்ல ஈரம் ஏத்தியிருக்கும், கீழ வெயில்ல காஞ்சிருக்கும்" என்றேன். ஏலக்காய்க்கு ஈரம் இழுக்கும் குணம் உண்டு; ஆகவே பொய் எடுபட்டது. கணக்குப்பிள்ளை மட்டும் பில்லையும் நோட்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டுவிட்டு என்னிடம் கேட்டார்: "ஈரம்னா எல்லா மூடையிலயும் ஒரே அளவாவா தம்பி காயும்?"

அன்று ராத்திரியே கண்டுபிடித்துவிட்டேன். ஒவ்வொரு மூடையிலும் குறைந்திருந்தது சரியாக ஒரு சாக்கின் எடை. செட்டர்களை எடுத்துவிட்டேன், மூடை உருவாகும்போதே எடை உள்ளே போய்விடும், அப்புறம் மாறாது. நிகர எடை கழித்துச் சொல்லும், எதையும் எழுதாது. வியாபாரிக்கு அனுப்பிய குறிப்பில் 'அச்சுப் பகுதியில் சிறு மேம்பாடு' என்று போட்டேன். பழைய பில்களைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அந்தக் குறைவுக்குத் தோட்டத்து முதலாளி கணக்குப்பிள்ளையைத்தான் பொறுப்பாக்கினார் என்று பிறகு கடையில் சொன்னார்கள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. சாக்கு எடையும் மூடைக் கணக்கும் டேட்டாபேஸில் அப்படியே இருக்கின்றன. தோட்டத்துக்குச் சேரவேண்டிய தொகையை அரை மணி நேரத்தில் கணக்குப் போட்டுவிடலாம்.