செவியால் அறியப்பட்ட பழுது

1995 ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பை வழங்கத் தொடங்கியபோது, வீட்டுக் கணினிக்கு வாய்த்த வழி, சுவரில் ஏற்கெனவே இருந்த தொலைபேசிக் கம்பியே ஆகும். அந்தக் கம்பியும் அதற்கு அப்பாலிருந்த நிலையங்களும் மனிதக் குரலுக்காக அமைக்கப்பட்டவை; ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வுகளையே அவை மறுமுனைக்குக் கொண்டுசேர்த்தன. கணினியின் பூச்சியங்களையும் ஒன்றுகளையும் அந்தக் குறுகிய எல்லைக்குள் அடங்கும் ஒலிகளாக மாற்றி அனுப்புவதும், வந்த ஒலிகளை மீண்டும் எண்களாக்குவதும் மோடம் என்னும் கருவியின் வேலை. அதன் தொல்லைகளிற் பெரும்பாலானவை இந்த இரவல் பாதையிலிருந்து பிறந்தன என்றாலும், செய்தி ஒலியாகச் சென்றதால், பழுதைக் காதால் கேட்டே அறியும் வாய்ப்பும் பயனாளருக்குக் கிடைத்தது. பின்னர் வந்த எந்த இணைப்பு முறையும் அவ்வளவு வெளிப்படையாகத் தன் நோயைச் சொன்னதில்லை.

விண்டோஸ் 98 திரையில் 680 என்ற பிழை எண் தோன்றினால், டயல் டோன், அதாவது நிலையம் அழைப்புக்குத் தயாராக இருப்பதைக் காட்டும் ரீங்காரம், மோடத்துக்குக் கேட்கவில்லை என்று பொருள். அப்போது கணினியைத் தொடுவதற்கு முன், அதே கம்பியில் சாதாரணத் தொலைபேசியை மாட்டிக் கேட்பதே முறையாகும். அதிலும் ரீங்காரம் இல்லையெனில் பழுது தெருவில் இருக்கிறது. இருந்தால், மோடத்தின் பின்புறமுள்ள இரு துளைகளில் சுவர்க்கம்பிக்கு உரியதை விட்டுத் தொலைபேசிக்கு உரியதில் கம்பி செருகப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தும் பிழை நீங்காவிட்டால், நிலையம் எழுப்பும் ஒலி மோடம் எதிர்பார்க்கும் ஒலியிலிருந்து வேறுபட்டிருக்கக்கூடும். அதற்கு, ஹேய்ஸ் நிறுவனம் 1981-இல் வெளியிட்ட ஸ்மார்ட்மோடம் வழியே பரவிய ஏ.டி. கட்டளைகளில் எக்ஸ்3 என்பதைத் தொடக்கக் கட்டளையில் சேர்த்தால், மோடம் ரீங்காரத்துக்குக் காத்திராமல் எண்ணைச் சுழற்றிவிடும். பழைய நிலையங்களைச் சேர்ந்த இணைப்புகளில் தொனிமுறைக்குப் பதிலாகத் துடிப்புமுறை அழைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்ததும் இந்த இடத்தில்தான்.

அழைப்பு சென்றபின் எழும் கிறீச்சொலியும் இரைச்சலும் பலருக்குத் தொல்லையாகவே பட்டன. உண்மையில் அது இரு மோடம்களும் கம்பியை அளந்து, எந்த வேகத்தில் பேசலாம் என்று தமக்குள் உடன்பாடு காணும் கட்டம். முதலில் வரும் 2,100 ஹெர்ட்ஸ் தொனி, பாதையிலுள்ள எதிரொலித் தடுப்பான்களை ஓய்ந்திருக்கச் செய்கிறது. அடுத்து வரும் இரைச்சலில் கம்பியின் குணம் சோதிக்கப்படுகிறது. அத்தொனியே எழாமல் மணி மட்டும் ஒலித்து 678 என்ற பிழை வந்தால், மறுமுனை எடுக்கவில்லை. தொனி எழுந்து, இரைச்சல் மீண்டும் மீண்டும் தொடங்கித் தடுமாறினால், குற்றம் கம்பியின் தூய்மையில் இருக்கிறது. இதனால்தான் ஒலிபெருக்கியை அணைத்துவைக்கும் பழக்கம் பழுது தேடுபவருக்குப் பகையானது.

கம்பியின் தூய்மை என்பது எளிதில் பிடிபடாத சிக்கல். வடகிழக்குப் பருவமழையில் தெருப்பெட்டியின் இணைப்புகளில் ஈரம் புகுந்து செம்பு களிம்பேறினால் கரகரப்பு தோன்றும். பேசுவோர் விட்டுப்போன சொல்லை ஊகித்து நிரப்பிக்கொள்வதால் அதைப் பொருட்படுத்துவதில்லை. மோடமோ சிதைந்த பகுதியைத் திரும்பக் கேட்டுப் பெறும், வேகத்தைக் குறைக்கும், இறுதியில் துண்டித்துவிடும். லைன்மேன் வந்து, பேச்சு தெளிவாகக் கேட்கிறது என்று சொல்லிச் செல்வதும், வீட்டார் மோடத்தையே மாற்றுவதும் இந்த வேறுபாட்டை உணராமையின் விளைவுகள். அடுத்த அறையில் பேரலலாக இணைத்த தொலைபேசி, நீளமான மலிவுக் கம்பி ஆகியவற்றைக் கழற்றி, சுவர்ப்பெட்டியிலிருந்து நேராக மோடத்துக்கு இணைத்துப் பார்ப்பது செலவில்லாத சோதனை. அதைச் செய்யாமல் புதுக் கருவி வாங்குவது வீண்.

வேகம் குறித்த மனக்குறைகளில் பாதி, பழுதே அல்ல. 1998-இல் வந்த வி.90 முறை 56,000 பிட் வேகத்தை உச்சமாகக் கொண்டாலும், மறுமுனை முற்றிலும் எண்முறையில் இணைந்து, பாதையில் ஒரே ஒருமுறை மட்டும் ஒலி எண்ணாக மாற்றப்படும்போதே அதை நெருங்க முடியும். வீட்டிலிருந்து அனுப்பும் திசையில் 33,600 பிட்டே எல்லை. மேலும் எட்டு பிட்டுகள் சேர்ந்தே ஒரு பைட் ஆவதால், 44,000 பிட் இணைப்பில் நொடிக்கு ஐந்தரை கிலோபைட் அளவே வரும். ஒரு மெகாபைட் கோப்புக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் ஆவது இயல்பு.

நடுவில் துண்டிக்கப்படும் இணைப்புக்குக் காத்திருப்பு அழைப்பு வசதி ஒரு காரணம். வேறொருவர் அழைப்பதை அறிவிக்கும் சிறு ஒலி, மோடம்களின் உரையாடலை வெட்டிவிடும். அவ்வசதியை நிறுத்துவதே நேர்வழி. இயலாவிடில், ஒலி அறுந்தபின் எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதைக் குறிக்கும் எஸ்10 மதிப்பை உயர்த்தலாம். மலிவு விலையில் பரவிய வின்மோடம்கள் ஒலியைக் கணிக்கும் வேலையைக் கணினியின் செயலியிடமே ஒப்படைத்ததால், கனத்த நிரல் ஒன்று ஓடும்போது இணைப்பு அறுவது அவற்றின் பிறவிக்குறை. 691 என்ற எண் வந்தால் கம்பியும் கருவியும் நலமே. பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்த்தால் போதும்.

இவற்றுக்கெல்லாம் புறம்பான ஒன்று மின்னல். மின்சாரப் பக்கம் காப்புக்கருவி வைத்திருந்த வீடுகளிலும், தொலைபேசிக் கம்பி வழியே பாய்ந்த மிகையழுத்தம் மோடத்தையும், சில வேளை தாய்ப்பலகையையும் கருக்கியது. அவ்வாறு கருகிய மோடத்தை எந்தக் கட்டளையாலும் மீட்க முடியாது. இடி கேட்கத் தொடங்கியதும் மின்செருகியோடு தொலைபேசிக் கம்பியையும் சுவரிலிருந்து கழற்றிவிடுவதே அதற்குரிய நம்பகமான காப்பு.