குத்தகை முடிந்த குழியில் தண்ணீர் நிற்கட்டும்

2017 வறட்சியில் சென்னைக் குடிநீர் வாரியம் மாங்காட்டை ஒட்டிய சிக்கராயபுரம் கல்குவாரிகளில் தேங்கிய நீரைப் பரிசோதித்து, செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்து நகருக்கு அனுப்பியது. 2019-லும் அந்தக் குழிகள் கைகொடுத்தன. கைவிட்ட குழியில் நீரைத் தேக்கும் இந்த வழி நம் ராசிங்காபுரம் போன்ற மலையடிவார ஊர்களுக்கும் பொருந்தும். தென்மேற்குப் பருவமழையை ஏலமலை மறித்துக்கொள்ள, நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் கதி. ஓடையில் வருவதும் சீக்கிரமே வடிந்துவிடும்.

கிராவல் குழியில் தண்ணீர் நிற்காதே என்பார்கள். இறங்கினால் கிணறுகளுக்கு லாபம்; பாறைக் குழியில் நின்றால் தென்னைக்கு ஆகும். ஆள் விழும் ஆபத்து நிஜம்தான். அதற்கு வேலியும் சரிவான கரையும் போட வேண்டும். கண்மாய்க்குப் போகும் நீரை மறிக்காமல், மறுகால் பாயும் உபரியை மட்டும் வண்டல் தொட்டி வழியே திருப்பினால் போதும். குத்தகை முடிந்த குழிகளின் பட்டியலை அடுத்த கிராம சபையில் கேளுங்கள்.