இடிபாடும் எச்சமும்

பொருளால் நெருங்கி, இலக்கணத்தால் விலகி நிற்கும் இரண்டு ஆங்கிலச் சொற்கள் என் சிந்தனையைக் கிளறியதுண்டு. அவை 'ரூயின்', 'ரிமெய்ன்' என்பன. செஞ்சிக் கோட்டையின் அடிவாரத்தில் வளர்ந்த எனக்கு இவ்விரண்டும் வெறும் அகராதிச் சொற்களல்ல.

'ரூயின்' பெயராகவும் வரும், வினையாகவும் வரும். பெயரானால் அழிவு, வினையானால் பாழாக்குதல். 'விழுதல்' என்னும் பொருளுடைய இலத்தீன் வேரில் பிறந்தது. 'ரிமெய்ன்' வினைச்சொல். 'பின்னே தங்குதல்' என்பது அதன் இலத்தீன் மூலப்பொருள். அது 'ரிமெய்ன்ஸ்' என்றானால், 'நிலைத்திருக்கிறது' என்னும் ஒருமை வினைமுற்றாகவும், 'எஞ்சியவை' என்னும் பன்மைப் பெயராகவும் இரு வேடம் பூணும்.

இன்னொரு வேற்றுமையும் உண்டு. 'ரூயின்' பெரும்பாலும் செயப்படுபொருள் குன்றா வினை. ஒருவர் அழிக்க, ஒன்று அழிய வேண்டும். 'ரிமெய்ன்' செயப்படுபொருளை வேண்டாது.

நம் வரலாற்றுப் பாடங்களை எண்ணிப் பாருங்கள். 1677-இல் சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றினார். நெடிய முற்றுகைக்குப் பின் 1698-இல் மொகலாயர் பிடித்தனர். 1750-இல் பிரெஞ்சுக்காரரும், 1761-இல் ஆங்கிலேயரும் கவர்ந்தனர். எல்லா வாக்கியங்களிலும் செஞ்சி செயப்படுபொருளே! ஆனால், இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் வளைத்த மதில் நிற்கிறது, கல்யாண மகால் நிற்கிறது, நெற்களஞ்சியம் நிற்கிறது. இங்கே அவையே எழுவாய்.

புதுச்சேரிக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்துள்ள கல்தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுபோகப்பட்டவை. தூண்களை இழந்த இடத்திற்கு முதற்சொல் பொருந்தும். தூண்களுக்கோ இரண்டாம் சொல்லே பொருந்தும்.

"உயிர் நீங்கிய உடலையும் 'ரிமெய்ன்ஸ்' என்பார்களே?" என நண்பர்கள் மடக்கலாம். உண்மைதான். நம் 'எச்சம்' மட்டும் என்னவாம்? காக்கை இடுவதும் எச்சம். ஒருவர் விட்டுச்செல்லும் மக்களும் புகழும் எச்சம். இடம் நோக்கியே பொருள் கொள்ள வேண்டும். இலக்கணத்திலோ எச்சம் என்பது முற்றுப் பெறாத சொல். 'இடிந்து' என்பது வினையெச்சம். அதைக் 'கிடக்கிறது' என்றும் முடிக்கலாம், 'நிற்கிறது' என்றும் முடிக்கலாம். "உங்கள் கோட்டை இடிந்து கிடக்கிறதாமே" என்று வெளியூர் நண்பர்கள் கேட்கும்போதெல்லாம், "இல்லை, இடிந்தும் நிற்கிறது" என்பதே என் விடை. ஓர் உம்மையும் ஒரு வினைமுற்றும் ஊரின் மானத்தைக் காக்கின்றன!

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியரின் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் மகாராட்டிரத்திற்கு வெளியே உள்ளது செஞ்சி ஒன்றே. இனி அயல்நாட்டார் மிகுதியாக வரக்கூடும். அவர்களுக்கு வழிகாட்டப் போகும் மாணவத் தோழர்களே! உடைந்த சுவரைச் சுட்டும் விரல் ஒன்றுதான். உடன் சொல்லும் சொல்லைத் தேர்ந்து சொல்லுங்கள்.